வேலாண்டி மலைக்கு முப்பது ராத்தல்

மலாயா நாடே வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சியைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தபோது அதை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள், செர்டாங் பக்கத்து ஏழாங்கட்டைத் தோட்டத்து இருளப்பனாகத்தான் இருக்க வேண்டும். வெளியில் அவனும் ஊரோடு சேர்ந்து சலித்துக்கொள்வான். தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். சாயந்தரம் ஆறு மணிக்கு மேல் கேட்டைத் தாண்டக் கூடாது. காலையில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகிற பெண்களின் தூக்குச்சட்டியைத் திறந்து, ஒரு பருக்கைச் சோறுகூட வெளியே போகாதபடி பார்த்தார்கள். எல்லாம் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போடத்தான். இதெல்லாம் ஒரு பொழப்பா என்று இருளப்பனும் சொல்வான். சொல்லிவிட்டு வேலிக்கு அப்பால், ரப்பர் மரங்களுக்கும் அப்பால், காடு போர்த்திக்கொண்டு நிற்கும் வேலாண்டி மலையை ஒரு பார்வை பார்ப்பான். அப்பாடா என்று இருக்கும்.

காரணம் அவன் பெண்டாட்டி மருதம்மாள். ஜப்பான்காரன் சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தபோது, ஏழாங்கட்டையிலிருந்து லாரியில் ஏற்றிய பத்தொன்பது பேரில் இருளப்பனும் ஒருவன். லாரி கண்ணுக்கு மறைந்த அன்றைக்கே மருதம்மாள் மலையைப் பார்த்து நின்று முருகனை வேண்டிக்கொண்டாள். அவரை உயிரோடு எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு, கொடுத்தால் நானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து உன் முன்னால் நிறுத்துகிறேன் என்பது வேண்டுதல். மலை உச்சியில் கோயில் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தோட்டத்துக்காக முதன்முதலில் காடு அழித்தவர்கள் ஒரு பாறை இடுக்கில் நட்டு வைத்த இரும்பு வேல், அவ்வளவுதான். ஆனால் பங்குனி உத்திரத்துக்கு அங்கே ஏறிப் பொங்கல் வைக்காமல் ஜப்பான் சண்டைக்கு முந்தி ஒரு வருஷம்கூட ஏழாங்கட்டைக்குக் கழிந்ததில்லை.

மூன்று வருஷம் கழித்து இருளப்பன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். பத்தொன்பதில் திரும்பியவன் அவன் ஒருவன்தான். மருதம்மாள் அவனுக்குக் கஞ்சி ஊற்றி, காலில் இருந்த புண்ணுக்கு மருந்து கட்டி, மனுஷனாக்கி நிறுத்திவிட்டு, எப்போது மலைக்குப் போகலாம் என்று கேட்டாள். கால் ஆறட்டும் என்றான். கால் ஆறியது. அடுத்த வருஷம் தோட்டத்தில் ஸ்ட்ரைக் என்றான். அதற்கடுத்த வருஷம் என்ன சொல்லியிருப்பானோ தெரியாது, அதற்குள் எமர்ஜென்சி வந்து காட்டைப் பூட்டிவிட்டது. ஐந்து வருஷம் அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

அவனுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். அவனுக்குக் காடு என்றால் பயம், வேறொன்றுமில்லை. சும்மா பயமில்லை, மூச்சு நின்றுபோகிற பயம். கால் வலி என்று வேலை மேற்பார்க்கும் தண்டலிடம் கெஞ்சி, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை வாங்கிக்கொண்டதே மரங்களுக்குள் போகாமல் இருக்கத்தான். ஆனால் இதை யாரிடம் சொல்வான்? மருதம்மாள் லயம் லயமாகப் போய், எங்க வீட்டுக்காரர் சயாம் காட்டையே நடந்து தாண்டி வந்தவர் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் அவளுக்கு வேறு ஆள் பார்க்கிறோம் என்று வந்தவர்களை விளக்குமாற்றைக் காட்டித் துரத்தியவள். அவளிடம் போய், எனக்கு மரத்தைப் பார்த்தால் பயம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அவளுக்கும் ஒரு பயம் இருந்தது. சயாமில் பிடித்த காய்ச்சல் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இருளப்பனை எடுத்துப் போட்டு உலுக்கும். அப்போதெல்லாம் அவள் ஈரத்துணியை அவன் நெற்றியில் வைத்துக்கொண்டே, கொஞ்சம் பொறுத்துக்க முருகா, கூட்டிட்டு வந்துடறேன், அதுக்குள்ள எடுத்துக்காத என்று முணுமுணுப்பாள். வேண்டுதல் தீராத வரைக்கும் புருஷன் தனக்கு முழுசாகச் சொந்தமில்லை என்றே அவள் நம்பினாள். காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடக்கும் இருளப்பனுக்கு அதெல்லாம் காதில் விழும். கண்ணைத் திறக்க மாட்டான்.

அந்த ஐம்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதக் கடைசியில் தண்டல் பரஞ்சோதி, காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடித்ததும், ஒரு சேதி சொன்னார். காட்டுப் பக்கம் இப்போது அமைதியாக இருக்கிறதாம். உத்திரத்தன்று ஒரு பன்னிரண்டு பேர், விடிந்து போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்புவதாக இருந்தால், மனுக் கொடுத்தால் போலீஸ் பாஸ் தருமாம். கூடத் துப்பாக்கியோடு இரண்டு பேர் வருவார்கள். ஒரு மணி அரிசியும் எடுத்துப் போகக் கூடாது. தேங்காய், பழம், சூடம், அவ்வளவுதான்.

இருளப்பன் மலையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் புகைக்கொட்டகைக்கு நடையைக் கட்டினான். மருதம்மாளுக்கோ வாயெல்லாம் பல். அன்றைக்கே திட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் கிளம்பினால், ஏழரைக்குக் கடைசி ரப்பர் நிரை. எட்டரைக்கு ஓடை, அங்கே முகம் கழுவிக்கொள்ளலாம். பத்து மணிக்கு யானைப்பாறை நிழல். பன்னிரண்டுக்குள் உச்சி. ஒன்றரைக்கு இறங்கினால் ஐந்தரைக்கு வீடு. தண்ணீர்க் குழாயடியில் நின்று இதை அவள் சொல்லச் சொல்ல, பெண்கள் வாளி நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் கேட்டார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்துவிட்டார்கள்.

இருளப்பன் சும்மா இருக்கவில்லை. அட்டை கடிக்குமே என்றான். புகையிலை ஊறப்போட்ட தண்ணீரைக் காலில் தடவினால் அட்டை கிட்டவே வராது என்றாள். மழை வந்தால் என்றான். பங்குனி வெயிலில் மழை பெய்தால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றாள். அன்றிலிருந்து அவன் நொண்டுவது கொஞ்சம் கூடிவிட்டது. அதையும் பார்த்துவிட்டு, பரஞ்சோதியிடம் சொல்லி ஒரு நல்ல கைத்தடி வெட்டி வாங்கிவந்து கதவோரம் சாத்தி வைத்தாள். எதைச் சொன்னாலும் பதில் வைத்திருக்கிற பெண்டாட்டியிடம் ஒரு ஆம்பளை எவ்வளவு நாள்தான் தாக்குப் பிடிப்பான்?

மனு எழுத செர்டாங்குக்கு இருளப்பனைத்தான் அனுப்பினாள். பஸ் ஏறும்போது ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். மனுவில் அரிசி என்ற பேச்சே வரக் கூடாது. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தால் போலீஸ் பாஸைக் கிழித்து எறிந்துவிடுவான். ஜாக்கிரதை.

பாவம், அவனுக்கு வழி தெரியாமல் இருந்தது. அவளே அதைக் காட்டிவிட்டாள்.

முகம்மது ஹனீபா செர்டாங் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தார். இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர் என்பதால் சுற்றுவட்டாரத் தோட்டத்து மனுக்கள் எல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். இருளப்பன் போனபோது அவர் பால் டின் ஒன்றை ஆணியால் குத்தி ஓட்டை போட்டு ஒரு சீனத்தியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டை போடாமல் டின் விற்கக் கூடாது என்பது சட்டம். ஓட்டை போட்ட டின்னைக் காட்டுக்குள் பதுக்கி வைக்க முடியாது அல்லவா? டின்னைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, காகிதத்தை எடுத்து, யார் யார், எந்த நாள், எந்த வழி என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கடைசியில், என்னென்ன கொண்டுபோகிறீர்கள் என்றார்.

"தேங்கா, பழம், சூடம்," என்றான் இருளப்பன். "பொங்கல் வைக்க முப்பது ராத்தல் அரிசி."

ஹனீபாவின் பேனா நின்றுவிட்டது. அரிசி என்று எழுதினால் பாஸ் வராது என்று எடுத்துச் சொன்னார். இருளப்பன் எழுதச் சொன்னான். முப்பதை மூன்றாகவாவது போடட்டுமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். சாமிக்குச் செய்வதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று இருளப்பன் பக்தி சொட்டச் சொட்டச் சொன்னான். சாமி பேரைச் சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? தலையில் அடித்துக்கொண்டு எழுதி, வழக்கம்போல எழுதியவர் பெயர் என்று கீழே தன் பெயரையும் போட்டார். ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு இருளப்பன் இரண்டு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான். மருதம்மாள் வளையலைப் போட்டுக்கொண்டு, என்னடா அதிசயம் என்று பார்த்தாள். அவள் கண்ணைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

அவன் ஒன்றை யோசிக்கவில்லை. ஆளுக்கு வாரம் மூன்று ராத்தல்தான் ரேஷன். முப்பது ராத்தலுக்கு இவன் எங்கே போவான் என்று எந்தப் போலீஸ்காரனும் கேட்பான் அல்லவா?

நாலாம் நாள் காலை எட்டு மணிக்குப் போலீஸ் லாரி வந்தது. இருளப்பனைப் புகைக்கொட்டகையிலிருந்து கூட்டிக்கொண்டு போனபோது அவன் வீட்டு முன்னால் கூட்டம் நின்றது. வீட்டைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அடுப்புக்குப் பின்னால், விறகுக்கு அடியில், மஞ்சள் கயிறு கட்டிய ஒரு புதுப் பானை. அதில் ஐந்து ராத்தல் அரிசி.

அவனுக்கு அந்தப் பானையைத் தெரியாது. பக்கத்து வீட்டுக் காளியம்மாதான் அழுதுகொண்டே அவனிடம் சொன்னாள். இந்த உத்திரத்துக்காவது மலைக்கு விடுவார்கள் என்று நம்பி, தை மாசத்திலிருந்து மருதம்மாள் தன் பங்குச் சோற்றைக் குறைத்துப் பிடிபிடியாகச் சேர்த்த அரிசியாம். அரிசி கூடாது என்று தெரிந்த பிறகு, மலையிலிருந்து திரும்பிவந்து லயத்து வாசலிலேயே பொங்கல் வைத்துவிடலாம் என்று அப்படியே வைத்திருந்தாளாம். முருகனுக்கு விரதம் என்று சொல்லி ராத்திரிகளில் அவள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றது இருளப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் எதிரில் உட்கார்ந்து, ஒரு வாய் கூடச் சாப்பிடுங்க என்று அவனுக்கு மட்டும் சோறு போட்டவள்.

தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் வெள்ளைக்கார அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசை மேல் பானையும் மனுவும். மனு எழுதியவர் என்று ஹனீபாவையும் ஜீப்பில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மருதம்மாள் தூணோரம் நின்றாள். பச்சை வளையல் போட்ட கைகளைச் சேர்த்துப் பிடித்திருந்தாள். அதிகாரி மலாயில் அவளையே கேட்டார். மனுவில் முப்பது ராத்தல், பானையில் ஐந்து. மீதி இருபத்தைந்து எங்கே? காட்டுக்காரர்களுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதா?

முப்பதா என்று அவள் விழித்தாள். அவளுக்கு முப்பதைப் பற்றி என்ன தெரியும்? தெரியாது, தெரியாது என்பதையே சொன்னாள். காட்டுக்காரனுக்கு அரிசி கொடுக்கிறவன் மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சொல்லிவிட்டா கொடுப்பான் என்று ஹனீபா கேட்டுப் பார்த்தார். அதிகாரிக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்க வேண்டும். ஆனால் பானை பானைதானே. இருபத்தைந்துக்குப் பதில் வராவிட்டால் அவளைச் சிறைக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். விசாரணை இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே வைத்து, அப்படியே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

இருளப்பன் முன்னால் வந்தான். கால் நொண்டவில்லை.

மலாயில்தான் ஆரம்பித்தான். இரண்டு வார்த்தையில் மலாய் போய்த் தமிழ் வந்துவிட்டது. ஹனீபா பக்கத்தில் நின்று மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இருபத்தஞ்சும் இல்ல, முப்பதும் இல்ல, தொரை. நான்தான் பொய்யா எழுதச் சொன்னேன். அரிசின்னு போட்டா நீங்க பாஸ் குடுக்க மாட்டீங்கன்னு தெரியும். குடுக்கக் கூடாதுன்னுதான் போட்டேன். எனக்குக் காடுன்னா பயம், தொரை. சயாமுக்கு எங்கூட வந்த பதினெட்டுப் பேரையும் அந்தக் காட்டு மரத்தடியிலதான் ஒவ்வொருத்தரா போட்டுட்டு வந்தேன். இன்னிக்கும் எல இருட்டப் பாத்தா எனக்கு மூச்சு நிக்குது. இவ எனக்காகக் காத்துக் கெடந்தவ. இவகிட்ட எப்படிச் சொல்றது? நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா, நான் சொல்ல வேண்டியதில்லன்னு நெனச்சேன்."

ஹனீபா கடைசி வரியையும் ஒன்று விடாமல் மலாயில் சொல்லி முடித்தார்.

அதிகாரி தண்டலைக் கூப்பிட்டு, சயாமுக்குப் போன கதை நிஜமா என்று விசாரித்தார். பரஞ்சோதி பத்தொன்பது பெயரையும் நிறுத்தாமல் சொன்னார். அதிகாரி அரிசியைப் பறிமுதல் என்று எழுதிக்கொண்டு, மருதம்மாள் பெயரைக் குறித்து, இன்னொரு தடவை பிடிபட்டால் ஜெயில்தான் என்று எச்சரித்தார். அவ்வளவோடு விட்டார். பெரிய மனசுதான், இல்லை என்று சொல்லக் கூடாது.

மருதம்மாள் இவ்வளவு நேரமும் புருஷனைப் பார்க்கவே இல்லை. அவன் பயந்துபோய் நின்றான். கோபமாக இருப்பாள், மானம் போயிற்று என்று நினைப்பாள் என்றுதான் அவனுக்குப் பட்டது. அவள் ஹனீபாவிடம் திரும்பினாள்.

"அந்த மனுவக் கிழிச்சுப் போடச் சொல்லுங்க பாய். எனக்கு மலை வேண்டாம். காட்டுகிட்டேருந்து இவர வாங்குனேன். மறுபடி கொண்டுபோயி அங்கயே வுடவா?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த மலை அவளுக்கு என்ன என்பது இருளப்பனுக்குத் தெரியும். இனி ஒவ்வொரு காய்ச்சலிலும் அவள் உட்கார்ந்து, இந்தத் தடவை முருகன் எடுத்துக்கொண்டு விடுவானோ என்று நடுங்குவாள். அந்த நடுக்கத்தைச் சாகும் வரை தனியாகச் சுமந்துகொள்கிறேன், இவர் காட்டைப் பார்க்க வேண்டாம் என்கிறாள். அவனுக்கு அங்கேயே அவள் காலில் விழலாம் போல இருந்தது.

"கிழிக்க வேணாம் பாய்," என்றான். "அரிசிய மட்டும் அடிச்சுட்டு, மத்ததுக்குப் பாஸ் குடுக்கச் சொல்லுங்க. நாங்க போறோம்."

அரிசியை அடித்த மனுவுக்குப் பாஸ் வந்தது. உத்திரத்தன்று பன்னிரண்டு பேரும் இரண்டு துப்பாக்கிக்காரர்களும் கிளம்பினார்கள். மருதம்மாள் போட்ட கணக்குப்படியே ஏழரைக்குக் கடைசி ரப்பர் நிரைக்கு வந்தார்கள். அதற்கப்புறம் காடு. மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். இருளப்பனுக்குக் கால் நகரவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மருதம்மாள் தேங்காய்ப் பையைக் கீழே வைத்தாள்.

"ஒக்காருங்க. முடியலன்னா இங்கேருந்தே திரும்பிடலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவன் உட்காரவில்லை. அவள் முந்தானை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டான். நீ முன்னால் போ, நான் உன் முதுகையே பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றான். அப்படியே போனார்கள். ஓடை தாண்டியதும் அவன் பேச ஆரம்பித்தான். கூடப் போன முனுசாமி எந்த முகாமில் செத்தான், வீரன் எப்படிக் கடைசி வரை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான், யாரை எந்த மரத்தடியில் வைத்தார்கள். எட்டு வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாததை எல்லாம் அவள் முதுகிடம் சொன்னான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ம், ம் என்று மட்டும் கேட்டுக்கொண்டே ஏறினாள். சில இடங்களில் நின்றார்கள். முன்னால் போனவர்கள் யானைப்பாறையில் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பன்னிரண்டு மணி உச்சி ஒன்றரை மணி ஆயிற்று. அதனால் என்ன?

உச்சியில் வேல் துருப்பிடித்துச் சாய்ந்து கிடந்தது. பரஞ்சோதி அதை நிமிர்த்திக் கல் வைத்து முட்டுக் கொடுத்தார். பெண்கள் தேங்காய் உடைத்துச் சூடம் ஏற்றினார்கள். மருதம்மாள் கும்பிடக்கூட இல்லை. இருளப்பன் கையைப் பிடித்து இழுத்துவந்து வேலுக்கு நேர் முன்னால் நிறுத்தினாள். அவன் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுவிட்டாள். தலைமயிரை விரலால் ஒதுக்கிவிட்டாள். பிறகு அவன் தோளைத் தொட்டுக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"நல்லாப் பாத்துக்க முருகா. நான் ஒங்கிட்ட கேட்டது இவரத்தான்."